சத்தம் வரலைன்னா கிரவுன் ஆயிலை மாத்த வேண்டாமா?

வணக்கம். வந்த கேள்விகள்ல இன்னைக்கு கிரவுன் ஆயில் பத்தின ஒண்ணை மட்டும்தான் எடுத்துக்கிறேன். என்ஜினோட இழுப்பைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிக் கொடுக்கிற பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். அதுல இருக்கிற பெரிய பல்சக்கரம் கிரவுன், மொத்தத்தையுமே நாம கிரவுன்னுதான் சொல்றோம். நம்ம பெகு பட்டறைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் இதையேதான் கேட்கிறாங்க. மோல்மீன்லேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணே, ஜப்பான்லேருந்து வந்த பழைய பத்துச் சக்கர லாரி வாங்கி மூணு வருஷம் ஆச்சு. ரங்கூனுக்கும் மோல்மீனுக்கும் ஓடுது, சில நேரம் தவாய் வரைக்கும் போகும். பின்னாடி டிஃபரன்ஷியல் ஆயிலை ஒரு தடவைகூட மாத்தலை. சத்தம் வராத வரைக்கும் தொடாதே, மாத்தினா கிரவுன் ஊய்ங்னு ஊத ஆரம்பிச்சிடும்னு டிரைவர் சொல்றார். மாத்தணுமா, விட்டுடலாமா?"

மாத்துங்க தம்பி. அடுத்த லோடு ஏத்துறதுக்கு முன்னாடியே மாத்துங்க. ஏன்னு சொல்றேன், டிரைவர்கிட்டயும் போட்டுக் காட்டுங்க.

என்ஜினுக்கு ஆயில் ஃபில்டர் இருக்கு. அழுக்கு வந்தா அதுல தங்கிடும். டிஃபரன்ஷியலுக்கு அது கிடையாது. உள்ளே தேயுற இரும்புத் தூள், புகுந்த தண்ணி, மண்ணு எல்லாம் அதே ஆயில்லதான் கிடக்கும். கிரவுன் சுத்தச் சுத்த அதையே அள்ளி அள்ளிப் பல்லு மேலயும் பேரிங் மேலயும் ஊத்திக்கிட்டே இருக்கும். டிரெய்ன் பிளக்ல காந்தம் இருக்கேன்னு கேட்பீங்க. காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும். பித்தளை வாஷர் தேஞ்ச தூளையோ மண்ணையோ அது தொடாது.

இன்னொண்ணு, பல்லு வேலை செய்யுற விதம். கிரவுனைச் சுத்த வைக்கிற சின்னப் பல்சக்கரம்தான் பினியன். அது கிரவுனோட மையத்துக்கு நேரா உட்காராது, கொஞ்சம் விலகித்தான் உட்கார்ந்திருக்கும். அதனால பல்லும் பல்லும் உருள்றதோட நிக்காது, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கித் தேய்க்கவும் செய்யும். அம்மியில குழவியைச் சும்மா உருட்டிப் பாருங்க, மிளகாய் நசுங்கும், அவ்வளவுதான். அழுத்தி இழுத்தாத்தான் அரையும். கிரவுன்ல நடக்கிறது அந்த இழுப்பு, அதுவும் முழு லோடைத் தாங்கிக்கிட்டு. சாதா எண்ணெய் அந்த அழுத்தத்துல பிதுங்கி வெளியே போயிடும், இரும்பு இரும்பைத் தொடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஆயில்ல கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்து கலக்கிறாங்க. டப்பாவைத் திறந்ததும் ஒரு நாத்தம் அடிக்குதே, அது அந்தக் கந்தகம்தான். மருந்து பல்லு மேல ஒரு மெல்லிய தோல் மாதிரி படியும். பல்லு தேயாம அந்தத் தோல் தேயும். ஓட ஓட, சூடு ஏற ஏற மருந்து தீர்ந்துக்கிட்டே வரும். ஆயில் அளவு குறையாம இருக்கலாம், மருந்து தீர்ந்துபோயிருக்கும்.

சத்தம் வந்தப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்றது என்ன தெரியுமா? ஊய்ங்னு சத்தம் வந்துச்சுன்னா பல்லு ஏற்கெனவே தேஞ்சு போச்சு, இல்லைன்னா பினியன் பேரிங் ஆட்டம் கண்டுடுச்சு. அதுக்கப்புறம் புது ஆயில் ஊத்தினா தேஞ்ச பல்லு வளராது. மாத்தினதும் ஊத ஆரம்பிச்சுதுங்கிற பேச்சு எப்படி வந்துச்சுன்னு நானும் பல வண்டியில பார்த்திருக்கேன். சிலர் லேசா சத்தம் கேட்ட பிறகுதான் ஆயில் மாத்தவே வருவாங்க, அப்புறம் பழி ஆயில் மேல விழும். சிலர் கியர்பாக்ஸுக்கு ஊத்துற ஆயிலையே இதுக்கும் ஊத்திடுவாங்க. இன்னும் சில வண்டியில, விக்கிறவன் சத்தத்தை அமுக்குறதுக்காக கிரீஸையோ மரத்தூளையோ உள்ளே போட்டு வித்திருப்பான். அதை வடிச்சா ஒளிஞ்சிருந்த சத்தம் வெளியே வரத்தான் செய்யும். அந்த கிரவுன் வாங்குன அன்னைக்கே போயிருந்தது தம்பி.

சரி, உங்க ஊர் விஷயத்துக்கு வர்றேன். மோல்மீன்ல வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுது. மே மாசக் கடைசியில பிடிச்சா அக்டோபர் வரைக்கும் விடாது. ரோட்டுல தண்ணி நிக்கும், லாரி ஆக்சில் முழுகத்தான் போகும். ஓடி வந்த வண்டியில ஹவுசிங், அதாவது கிரவுனை மூடியிருக்கிற இரும்புக் கூடு, கொதிக்கும். அது குளிர்ந்த தண்ணியில இறங்கினதும் உள்ளே இருக்கிற காத்து சுருங்கும். சுருங்கினா வெளியிலேருந்து எதையாவது இழுத்துக்கணுமே? மேலே பிரீதர்னு ஒரு சின்ன மூச்சுக் குழாய் இருக்கு. அது வழியாவோ, பழைய ஆயில் சீல் வழியாவோ தண்ணியை இழுத்துக்கும்.

2019 ஆகஸ்ட்ல பாவுங் பக்கம் மலை சரிஞ்சு ரோடே அடைபட்டுப் போச்சே, அந்தச் சமயம் தட்டோன் தாண்டி தண்ணியில நின்ன ஒரு அரிசி லாரி நம்ம பட்டறைக்கு வந்துச்சு, பிரேக் வேலைக்கு. கிரவுன் ஆயிலையும் பார்த்துடுவோம்னு பிளக்கைத் திறந்தேன். லஃபெயே கடையில ஊத்துற பால் டீ இருக்கே, அச்சு அசல் அந்த நிறம், அதே கெட்டி. ஓனர்கிட்டக் கிளாஸ்ல பிடிச்சுக் காட்டினேன். சத்தம் இல்லையேண்ணே, அடுத்த நடையில பார்க்கலாம்னு பிளக்கை மூடச் சொல்லிட்டார். ரெண்டு மாசம் கழிச்சு சைட்டோ பக்கம் பினியன் பேரிங் இறுகி, லோடோட நடு ரோட்டுல நின்னு, கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. பிரிச்சுப் பார்த்தா பேரிங் உருளை எல்லாம் துரு பிடிச்சு, விரலை வச்சா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு. அவர் பேச்சைக் கேட்டு அந்த பிளக்கை மூடினது இன்னைக்கும் எனக்கு மனசுக்கு உறுத்தலாத்தான் இருக்கு.

மாத்துறது எப்படின்னு சொல்லிடுறேன். பத்து மைல் ஓட்டிட்டு வந்து, சூடு இருக்கிறப்பவே, சமதரையில நிறுத்துங்க. முதல்ல மேலே ஊத்துற பிளக்கைக் கழட்டுங்க. அது கழருதான்னு தெரிஞ்சப்புறம்தான் கீழ் பிளக்ல ஸ்பேனரை வைக்கணும். ஜப்பான் வண்டியில மேல் பிளக் துரு பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். அது தெரியாம ஆயிலை முழுக்க வடிச்சுட்டு, மறுபடி ஊத்த வழியில்லாம நிக்கிறவங்க இருக்காங்க. கீழ் பிளக் வந்ததும் காந்தத்தைத் துடைச்சுடாதீங்க. அதுல ஒட்டியிருக்கிறதை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேய்ச்சுப் பாருங்க. கண்மை மாதிரி வழவழன்னு இருந்தா பயப்பட ஒண்ணுமில்லை, அது வழக்கமான தேய்மானம். ஊசி மாதிரி, செதில் மாதிரி விரல்ல குத்தினா நிறுத்திடுங்க. கிரவுனை இறக்கிப் பார்க்காம ஆயில் ஊத்துறது வீண்.

பத்துச் சக்கர லாரின்னு சொன்னீங்க. பின்னாடி ரெண்டு ஆக்சிலும் இழுக்கிற வண்டியா இருந்தா ரெண்டு கிரவுன் இருக்கு. நிறையப் பேர் கடைசி ஆக்சிலை மட்டும் மாத்திட்டு வேலை முடிஞ்சுதுன்னு போயிடுறாங்க. முன்னாடி இருக்கிற ஆக்சில்ல கிரவுனோட, ரெண்டு ஆக்சிலுக்கும் இழுப்பைப் பிரிச்சுக் கொடுக்கிற தனி டிஃபரன்ஷியலும் சேர்ந்து இருக்கும். உழைப்பு அங்கதான் ஜாஸ்தி. சேத்துல ஒரு சக்கரம் வெறுமனே சுத்தும்போது அதுக்குள்ளே இருக்கிற சின்னப் பல்லுங்க சூட்டுல வெந்து போகும். டிரைவர்கிட்டச் சொல்லி வைங்க: சேறு வந்தா அந்தத் தனி டிஃபரன்ஷியலைப் பூட்டுற லாக்கை முதல்லயே போடணும், சக்கரம் சுத்த ஆரம்பிச்சப்புறம் போடக் கூடாது.

ஆயில் ஜி.எல். 5ன்னு போட்ட கியர் ஆயில்தான் வேணும். ஜி.எல். 4 கியர்பாக்ஸ் சரக்கு, கிரவுனோட அழுத்தத்தை அது தாங்காது. கையேட்டுல சொன்ன கனம் ஊத்துங்க. சாதாரண ஓட்டத்துக்கு 80 டபிள்யூ 90 போதும். தவாய் ரோட்டு மாதிரி மேட்டுல முழு லோடு ஏத்துற வண்டிக்கு, கையேடு இடம் கொடுத்தா நான் அதைவிடக் கெட்டியான 85 டபிள்யூ 140 ஊத்துறேன். மேல் ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் வரணும், ஒரு விரலை உள்ளே மடக்கினா நனையணும். அதுக்கு மேல நிறைச்சா நுரைச்சு, சூடேறி, சீலைத் தள்ளிக்கிட்டு வெளியே வரும். பிக்கப் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுத்தாமத் தடுக்கிற லிமிடெட் ஸ்லிப் கிரவுன்னா அதுக்குன்னு தனி ஆயில் இருக்கு, சாதா ஆயில் ஊத்தினா திருப்பத்துல உதறும்.

பிரீதரை மறந்துடாதீங்க. மண்ணு அடைச்சிருந்தா சூட்டுல உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீலைத் தாண்டி ஹப்புக்குள்ள போய், பிரேக் லைனிங்கை நனைச்சுடும். தட்டோன் இறக்கத்துல பிரேக் பிடிக்கலைன்னா பின்னாடி ஆயிரம் வீசைக் கணக்குல லோடு தள்ளும் தம்பி, உயிர் விஷயம். கழட்டிக் கழுவி ஊதிப் பாருங்க. முடிஞ்சா ஒரு ரப்பர் குழாயைச் சொருகி சேசிஸ் மேல வரைக்கும் தூக்கிக் கட்டிடுங்க, தண்ணி எட்டாது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னா, கையேட்டுல இருக்கிறதை விட்டுக் கொடுக்காதீங்க. கையேடு இல்லைன்னா, நம்ம ரோட்டுக்கும் லோடுக்கும் நான் 40,000 தாண்ட விடுறதில்லை. கிலோமீட்டர் ஓடலைன்னாலும் மழை முடிஞ்சு தீபாவளியை ஒட்டி ஒரு தடவை மேல் பிளக்கைத் திறந்து நிறம் பார்த்துடுங்க. ஆக்சில் முழுகுற தண்ணியில நின்ன வண்டின்னா கணக்கே பார்க்க வேண்டாம், வீடு வந்ததும் வடிச்சுடுங்க. உங்க வண்டியில முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியாததால, இப்ப மாத்தி ரெண்டு நடை ஓட்டிட்டு இன்னொரு தடவை பிளக்கைத் திறந்து பாருங்க. ஆயில் கலங்கி இருந்தா மறுபடி மாத்திடுங்க. மூலையில தங்கின பழைய கசடு அப்பதான் முழுசா வெளியே வரும்.

கழட்டுற அன்னைக்கு ரெண்டு பிளக்கையும் துடைக்காம, வெயில்ல வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி. பார்த்துட்டுச் சொல்றேன்.