நியூட்ரான் தயார், மருந்து எங்கே?

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊரில் கதிர் சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்றுதான் சொல்வோம். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்தவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். கழுத்துத் தோல் கறுத்துவிடும். வாயெல்லாம் புண். எச்சில் வற்றிப்போய், ஒரு வாய் சோறு இறங்கவே தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். கட்டியைக் குறிவைத்துத்தான் கதிரைச் செலுத்துகிறார்கள். ஆனால் வழியில் இருக்கிற நல்ல திசுவையும் கடந்துதான் அது போயாக வேண்டும். அதே இடத்தில் நோய் திரும்பி வந்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. ஏற்கெனவே தாங்கும் அளவுக்குக் கதிர் வாங்கிவிட்ட திசு, இன்னொரு முழுச் சுற்றைத் தாங்காது.

இன்று நான் பேசப்போவது, கதிர் எந்தச் செல்லில் வேலை செய்ய வேண்டும் என்பதை ஒரு மருந்திடம் ஒப்படைக்கும் முறையைப் பற்றி. போரான் நியூட்ரான் சிகிச்சை என்று சொல்லலாம். போரான் உள்ள மருந்தை முதலில் உடம்பில் ஏற்றி, பிறகு வெளியிலிருந்து நியூட்ரானை, அதாவது அணுக்கருவில் இருக்கும் மின்சுமையில்லாத துகளை, செலுத்துவார்கள்.

கேரம் போர்டில் தூவுகிறோமே போரிக் பவுடர், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற வெண்காரம், இரண்டிலும் இருக்கும் தனிமம் போரான். இயற்கையில் கிடைக்கும் போரானில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போரான்-10 என்ற வகை. மெதுவாக வரும் நியூட்ரானை இது பிடித்து விழுங்கிவிடும். நம் உடம்பில் உள்ள நைட்ரஜனோடு ஒப்பிட்டால், விழுங்கும் வாய்ப்பு சுமார் 2,000 மடங்கு அதிகம். விழுங்கிய கையோடு அது உடைந்து, ஒரு ஹீலியம் அணுக்கருவும் ஒரு லித்தியம் அணுக்கருவும் சீறிப் பாயும். பாய்கிற தூரம் 10 மைக்ரோமீட்டருக்குள்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குள். ஒரு செல்லின் குறுக்களவே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, போரான் எந்தச் செல்லுக்குள் இருக்கிறதோ அந்தச் செல்லோடு சேதம் பெரும்பாலும் முடிந்துவிடும். பக்கத்துச் செல் தப்பிக்கும்.

நியூட்ரானை ஜேம்ஸ் சாட்விக் கண்டறிந்தது 1932-ல். நான்கே ஆண்டில், 1936-ல், கார்டன் லோச்சர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இந்த யோசனையை எழுதிவிட்டார். 1951-ல் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், அணு உலையிலிருந்து வரும் நியூட்ரானைக் கொண்டு மூளைக்கட்டி நோயாளிகளுக்குச் செய்தும் பார்த்தார்கள். கொடுத்த மருந்து எது தெரியுமா? வெண்காரம்! அதற்குக் கட்டி எது, ரத்தம் எது என்று தெரியாது. ரத்தத்தில் நிறையப் போரான் தங்கியிருக்கும்போதே நியூட்ரானைச் செலுத்தியதால், மூளையின் ரத்தக் குழாய்கள் அடிபட்டன. வேறு சில போரான் சேர்மங்களோடு பாஸ்டன் பக்கமும் முயன்றார்கள். 1961-ல் அமெரிக்காவில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். பிழைக்க வேறு வழியில்லாமல் அந்த உலைக்கு முன்னால் படுத்தவர்களை நாம் மறக்கக் கூடாது. இயற்பியல் அன்றைக்கே ஓரளவு தயார். தயாராகாதது வேதியியல்.

பாஸ்டனில் வேலை பார்த்துவிட்டு ஜப்பான் திரும்பிய மூளை அறுவை மருத்துவர் ஹிரோஷி ஹதனாகா, 1968-ல் இதைக் கையில் எடுத்தார். அவர் பயன்படுத்திய மூலக்கூறில் பன்னிரண்டு போரான் அணுக்கள் ஒரு கூண்டு போல இணைந்திருக்கும். மூளையின் நல்ல பகுதிக்குள் அது எளிதில் நுழையாது. கட்டி இருக்கும் இடத்தில் ரத்தக் குழாய்ச் சுவர் ஒழுகுவதால், அங்கே மட்டும் இறங்கும்.

அப்புறம் வந்தவர் கோபே பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் யுதாகா மிஷிமா. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்கள் கருநிறமியைத் தயாரிக்கின்றன. அதற்கு மூலப்பொருள் அமினோ அமிலம். சரி, அமினோ அமிலத்தின் முதுகிலேயே போரானை ஏற்றிவிட்டால்? ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தோடு போரானைச் சேர்த்த சேர்மம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. 1987-ல் அதை வைத்து முதல் நோயாளிக்குச் சிகிச்சை தந்தார். நிறமிக்காகத்தான் செல் அதை வாங்குகிறது என்ற எண்ணத்தில் தொடங்கியது அந்த வேலை. பின்னால்தான் புரிந்தது: வேகமாகப் பெருகும் புற்றுசெல்கள் பலவும் அமினோ அமிலத்துக்கு ஏங்கிக் கிடக்கின்றன, அதை உள்ளே இழுக்கும் கதவு போன்ற புரதங்கள் அவற்றில் அதிகம். எனவே மூளைக்கட்டிக்கும் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கும் அதே மருந்து பொருந்தியது.

மூலக்கூறு கிடைத்ததோடு வேலை முடியவில்லை. அது தண்ணீரில் சரியாகக் கரையாது. பழச்சர்க்கரையோடு பிணைத்த பிறகுதான் ஊசி வழியே ஏற்ற முடிந்தது. அடுத்து, அளவு. ஒரு கிராம் கட்டிக்குள் 20 மைக்ரோகிராம் போரானாவது சேர வேண்டும், அதாவது செல் ஒன்றுக்கு ஏறக்குறைய நூறு கோடி அணு. சுற்றியுள்ள நல்ல திசுவில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இதற்காக உடல் எடையில் கிலோவுக்கு அரை கிராம் வரை மருந்து ஏற்றுகிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 கிராம். நாம் போடுகிற பாரசிட்டமால் மாத்திரை ஒன்றில் மருந்து அரை கிராம்தான். அதைப் போல அறுபது மடங்கு! இவ்வளவு போட்டும் உடம்புக்கு நஞ்சாகாத சேர்மத்தைத் தேடுவதுதான் இந்தத் துறையின் பெரிய பாடு.

2020 மார்ச்சில் ஜப்பான் அரசு இந்த மருந்துக்கு ‘போரோஃபலான்’ என்ற பெயரில் ஒப்புதல் தந்தது. கூடவே, அணு உலை இல்லாமல் மருத்துவமனையிலேயே நியூட்ரான் தரும் முடுக்கி என்ற இயந்திரத்துக்கும் ஒப்புதல். அறுவை செய்ய முடியாத, அல்லது திரும்பி வந்த தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு. இரண்டு மணி நேரம் மருந்து ஏறும். பிறகு ஒரு மணி நேரத்துக்குள் கதிர். ஒரே தடவை. ஒப்புதலுக்கு முந்தைய சோதனையில் இருந்தவர்கள் 21 பேர். அவர்களில் 71 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது அல்லது மறைந்தது. சிறிய எண்ணிக்கைதான், அதை மறைக்க மாட்டேன். முடி உதிர்வு, வாய்ப்புண் இதிலும் உண்டு. நியூட்ரான் உடம்புக்குள் சில சென்டிமீட்டர் ஆழம்தான் திறம்படப் போகும் என்பதால், ஆழத்தில் இருக்கிற கட்டிக்கு இது இப்போதைக்குக் கைகொடுக்காது.

இன்னொரு குறை: செல்லுக்குள் போன போரோஃபலான் அங்கே தங்குவதில்லை. வெளியே போரான் குறையக் குறைய இதுவும் கசிந்துவிடுகிறது. டோக்கியோ தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-ல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். திரவப் பசையில் இருக்கும் பாலிவினைல் ஆல்கஹாலை மருந்தோடு தண்ணீரில் கலந்தார்கள். மருந்து அந்த நீண்ட சங்கிலியில் ஒட்டிக்கொள்கிறது. புற்றுசெல் சங்கிலியோடு சேர்த்து விழுங்குகிறது. உள்ளே போனது அவ்வளவு சீக்கிரம் வெளியேறுவதில்லை. எலிகளில் கட்டி பெருமளவு ஒடுங்கியது. மனிதருக்கு வருவதற்கு முன் இந்தக் கலவை உடம்பில் எவ்வளவு நாள் தங்கும், எப்படி வெளியேறும் என்று பார்த்தாக வேண்டும். இங்கே வேதியியல் படிக்கிற பிள்ளைகள் சிலர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதல் கேள்வியை உங்களிடமிருந்தே எதிர்பார்க்கிறேன், கேளுங்கள்.