நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

வணக்கம் நேயர்களே. இந்நேரம் பசியாறியிருப்பீர்கள். இட்லியோ ரொட்டி சானாயோ, மென்று விழுங்கியதோடு நம் வேலை முடிந்தது. மற்றதை உணவுக்குழாய் பார்த்துக்கொள்ளும். அது பார்க்க மறுத்தால் என்ன ஆகும்? பினாங்கில் முப்பது வருஷம் மருந்துக்கடையில் நின்ற எனக்கு அதைக் காட்டியவர், டத்தோ கிராமட் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா.

மாதா மாதம் வருவார். "தம்பி, அதே கேஸ்ட்ரிக் மருந்து குடுங்க." ஒரு கிளினிக்கில் இரண்டு வருஷமாக அதைத்தான் எழுதிக்கொடுத்தார்களாம். ஒருநாள் கேட்டேன்: "சோறு மட்டும் சிக்குதாம்மா, தண்ணியுமா?"

"தண்ணியுந்தான் தம்பி. ராத்திரி படுத்தா, தின்னது அப்படியே தலகாணிக்கு வந்துருது. புளிப்புகூட இருக்காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புளிக்கவில்லை என்றால், அந்தச் சோறு வயிற்றுக்கே போகவில்லை! ஒவ்வொரு கவளத்துக்கும் எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, தண்ணீர் குடித்து இறக்குவாராம். பந்தியில் யார் இப்படி நிற்பது? கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

அக்கலேசியா என்று இதற்குப் பெயர். தளராமை என்று பொருள். உணவுக்குழாயின் அடியில், வயிற்றின் வாசலில், ஒரு வளையத்தசை உண்டு. விழுங்கும்போது தளர்ந்து வழிவிட வேண்டும். தளரச் சொல்லும் நரம்பணுக்கள் அழிந்துபோனால் வாசல் இறுகியே கிடக்கும். ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர் அளவில் வருகிற அபூர்வ நோய். 1674-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், திமிங்கிலத்தின் வாய்த்தகட்டில் செய்த குச்சியின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டிக் கொடுத்து, சாப்பிட்டதைத் தள்ளி இறக்கச் சொன்னார். ஒரு நோயாளி அப்படியே பல வருஷம் வாழ்ந்தாராம்.

இன்று குச்சி வேண்டாம், மாத்திரை இருக்கிறது. தசை இறுகக் கால்சியம் தேவை. அதைத் தடுப்பது நிஃபெடிபின். ரத்தக்கொதிப்புக்குத் தருகிற அதே மருந்துதான். இன்னொன்று ஐசோசார்பைட் டைநைட்ரேட், நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருப்பது. அழிந்த நரம்பணுக்கள் நைட்ரிக் ஆக்சைடு வழியாகத்தான் தசையைத் தளரச் சொல்லும். இந்த மாத்திரை அந்தச் சேதியை வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கிறது.

அந்த அம்மாவுக்கும் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை எழுதினார்கள். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். "ஒன்னும் கேக்கல தம்பி." எப்படிச் சாப்பிட்டீர்கள் என்றேன். சோறு தின்றபின், தண்ணீர் ஊற்றி விழுங்கினாராம்! யோசித்துப் பாருங்கள், விழுங்க முடியாதவருக்குக் கொடுத்த மாத்திரை, அதே குழாயில், அதே சோற்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மருந்தைக் கையில் கொடுத்தவர் சொல்லியிருக்க வேண்டும். நான் முப்பது வருஷமாகக் கத்துவது இதுதான்: நாக்குக்கு அடியில், சாப்பாட்டுக்கு முன்னால். டைநைட்ரேட் என்றால் 10, 15 நிமிஷம் முன். நிஃபெடிபின் என்றால் அரைமணி, முக்கால் மணி முன். மறுபடி சொல்கிறேன், நாக்குக்கு அடியில், சாப்பாட்டுக்கு முன்னால். உட்கார்ந்துகொண்டு வையுங்கள், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். தலைவலி வரும், கால் வீங்கும். ஆண்கள் வெட்கப்படாமல் கேளுங்கள்: வயாகரா என்கிற சில்டெனாஃபில் சாப்பிடுகிறவர் நைட்ரேட்டைத் தொடவே கூடாது. உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு செய்தும் மாத்திரை வாசலைக் கொஞ்ச நேரம்தான் தளர்த்தும். நாளாக நாளாக அந்தப் பலனும் குறையும். அதனால் அறுவைச் சிகிச்சை தாங்காதவர்களுக்கும், அதற்காகக் காத்திருப்பவர்களுக்கும்தான் இதைத் தருகிறார்கள்.

அடுத்து ஊசி. முகச்சுருக்கத்துக்குப் போடுகிற போடாக்ஸேதான். கேமரா வைத்த எண்டோஸ்கோப் குழாயை வாய் வழியாக உள்ளே விட்டு, வளையத்தசையில் 100 யூனிட் போடுவார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் நன்றாக இறங்கும். பிறகு பழைய கதை. திரும்பத் திரும்பப் போட்டால் தழும்பு கட்டி, பின்னால் அறுவை செய்வது சிரமமாகும். வயதானவர்களுக்கு ஏற்றது.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி, நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார். நிலைத்த பலன் தருபவற்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன், என் தப்புதான். பலூன் விட்டு விரிப்பது; 1913-இல் ஹெல்லர் என்ற ஜெர்மன் மருத்துவர் தொடங்கிய, அந்த வளையத்தசையை வெட்டிவிடுகிற அறுவை; அதே தசைவெட்டை எண்டோஸ்கோப் விட்டு வாய் வழியாகவே செய்கிற போயம். அந்த அம்மாவுக்குப் பலூன் வைத்தார்கள். ஒன்றே ஒன்று: நாற்பது, ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாக விழுங்கச் சிரமம் என்றால், மாத்திரை கேட்டுக் கடைக்கு வராதீர்கள், முதலில் எண்டோஸ்கோப்பி. புற்றுநோயும் இதே வேஷத்தில் வரும். வணக்கம்.