முடி அளவு விரிசல்

நேயர்களுக்கு வணக்கம். மன்னார்குடியில் இருபத்தெட்டு வருஷமாக டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய வண்டிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என்ஜின், கார்பரேட்டர் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது ஸ்விங் ஆர்ம் பற்றி. சில பட்டறைகளில் பின் ஃபோர்க் என்பார்கள்.

வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கவட்டை மாதிரி இரண்டு குழாய்கள் பின்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும். கவட்டையின் அடி, சேஸிஸில் ஒரு நீள போல்ட்டில் மாட்டியிருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த போல்ட்டை அச்சாக வைத்து ஆர்ம் மேலும் கீழும் ஆடும். உங்கள் எடை, மூட்டை எடை எல்லாம் ஷாக் அப்சார்பர் வழியாக அதன் மேல்தான் இறங்குகிறது.

பதினைந்து வருஷம் இருக்கும். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பால்காரர் வந்தார். 100 சிசி வண்டி, அப்போதே பழசு. "தம்பி, பின்னாடி ஏதோ ஆடுது, செயினைக் கொஞ்சம் இழுத்துவிடு" என்றார். குனிந்து பார்த்தேன். இடது ஷாக் அப்சார்பர் மாட்டும் பிராக்கெட்டுக்குக் கீழே, வெல்டு முடிகிற இடத்தில், பெயின்ட்டுக்கு மேல் டீக்கறை நிறத்தில் ஒரு கோடு. முடி அளவுதான். சாயங்காலப் பால் எடுக்கப் போகவேண்டும் என்று அவர் அவசரப்பட்டார். ஆர்மைக் கழற்றாமலே பக்கத்து வெல்டிங் பட்டறையில் அந்தக் கோட்டின் மேல் ஒரு ராடு ஓட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டேன். இருபது நிமிஷ வேலை.

இரண்டு மாதம் கழித்து, ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பைத் தாண்டி ஆற்றங்கரை ரோட்டில் போகும்போது அது முறிந்தது. சக்கரம் சாய்ந்து செயின் சிக்கியது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, பாலெல்லாம் ரோட்டில். பள்ளத்தில் விழுந்ததால் உடைந்தது என்று கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். உடைந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வட்டத்தில் முக்கால் பாகம் கறுத்து, துருவேறி, சிப்பி ஓட்டில் இருப்பது போல வரி வரியாக இருந்தது. கால் பாகம் மட்டும் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. அந்தக் கால் பாகம்தான் அன்றைக்கு உடைந்தது. மீதியெல்லாம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து வந்திருக்கிறது. நான் வைத்த வெல்டுக்கு அடியில் பழைய விரிசல் அப்படியே கிடந்தது. அதை நான் மூடியிருந்தேன், அவ்வளவுதான். அந்த ஆர்ம் இன்னும் என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அறுந்துபோகிறது அல்லவா, அதே கதைதான். வெல்டின் ஓரத்தில் இரும்பு சூடுபட்டு மாறியிருக்கும், அங்கே ஒரு விளிம்பும் இருக்கும். இழுவை முழுக்க அங்கே வந்து சேரும். மேலும் கீழும் வரும் விசையை ஆர்ம் தாங்கும். முறுக்குவதைத்தான் தாங்காது. நம் பக்கத்தில் வண்டி படும் பாடு அந்த மாதிரி. நாற்பது லிட்டர் பால் கேன் ஒரு பக்கம் மட்டும் தொங்கும். குறுவை அறுப்பில் நாற்பது கிலோ நெல் சிப்பத்தை பின்சக்கரத்தின் அச்சான ஆக்ஸிலுக்கும் பின்னால் தள்ளி வைத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். போல்ட்டைச் சுற்றி உறை மாதிரி இருக்கும் புஷ் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆர்ம் பக்கவாட்டில் முறுக்கும். அப்புறம் வயல் சேறு. குழாயின் அடியில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டையை வண்டல் அடைத்துக்கொண்டால், உள்ளே தண்ணீர் நின்று உள்ளிருந்தே அரிக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? செயினை இழுத்துவிட்டும் திரும்பத் திரும்ப ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால், டயர் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்தால், வளைவில் பின்பக்கம் தனியாக அசைவது போலிருந்தால் சந்தேகப்படுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடுவது சக்கர பேரிங்கா, ஆர்ம் புஷ்ஷா, ஆர்மேவா என்று பார்க்க வேண்டும்.

விரிசல்தானா என்று தெரிய ஒரு பழைய முறை உண்டு. ரயில் அச்சுகளுக்கு ரயில்வே பட்டறைகள் ஒரு காலத்தில் செய்தது இதுதான். சந்தேகப்பட்ட இடத்தில் பெயின்ட்டை இரும்பு தெரியும்வரை சுரண்டி எடுங்கள். மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது கஷ்டம், டீசல் போதும். அதில் கொஞ்சம் பழைய என்ஜின் ஆயில் கலந்து தடவி அரை மணி நேரம் விடுங்கள். சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டு, பள்ளிக்கூடச் சாக்பீஸைத் தேயுங்கள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சீட்டை நாலு முறை அழுத்தி விடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைச் சாக்பீஸ் மேல் கறுப்பாக ஒரு கோடு எழும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

கோடு தெரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஆட்டோவில் ஏற்றி வாருங்கள்.

போல்ட் போகும் குறுக்குக் குழலில் விரிசல் இருந்தாலோ, பழைய வெல்டுக்குப் பக்கத்திலேயே வந்திருந்தாலோ, சின்னச் சுத்தியலால் தட்டும்போது கிண்ணென்று கேட்காமல் பொத்தென்று கேட்டாலோ, ஆர்மை மாற்றத்தான் வேண்டும். பின் பிரேக் பிளேட்டைச் சுற்றவிடாமல் பிடிக்கும் கம்பிதான் டார்க் ராடு. அது ஆர்மில் மாட்டும் காதில் விரிசல் வந்தாலும் அப்படித்தான். அந்தக் காது போனால் பிரேக் பிடிக்கும்போது பிரேக் பிளேட்டே சக்கரத்தோடு சுற்றி, சக்கரம் பூட்டிக்கொள்ளும். அலுமினிய ஆர்மை வெல்டு வைக்கவே விடாதீர்கள், சூட்டில் அதன் பலம் போய்விடும். பாரம் ஏற்றும் வண்டி, பிள்ளைகளை உட்கார வைக்கும் வண்டி என்றால் எந்த விரிசலானாலும் நான் மாற்றத்தான் சொல்வேன். பழைய இரும்புக் கடை ஆர்ம் வாங்கினால் கோணல் இல்லையா என்று பாருங்கள். போல்ட் துளையில் ஒரு கம்பி, ஆக்ஸில் இடத்தில் ஒரு கம்பி செருகி எட்டி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மட்டமாகத் தெரிய வேண்டும்.

வெல்டு வைத்தே ஆகவேண்டும் என்றால் ஆர்மைக் கழற்றித்தான் வைக்க வேண்டும். வண்டியிலேயே வைத்தால் கரண்ட் பேரிங் வழியாகவும் ஒயரிங் வழியாகவும் ஓடும். பெட்ரோல் டேங்க்கும் பக்கத்தில் இருக்கிறது. கோட்டின் முனையில் மூன்று மில்லி டிரில்லால் துளை போட்டால் விரிசல் அதற்குமேல் ஓடாது. அப்புறம் கிரைண்டரால் கோடு நெடுக வாய்க்கால் மாதிரி வெட்டி, அடிவரை உலோகம் நிரம்பும்படி வைக்க வேண்டும். ஆக்ஸிலையும் போல்ட்டையும் மாட்டிய நிலையில் வைத்தால் கோணாது. ஐப்பசி கார்த்திகையில் வெல்டிங் ராடு ஈரம் குடித்திருக்கும், சூடாக்கிக் காயவைக்காமல் வைத்தால் வெல்டில் ஓட்டை விழும். முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து ஊற்றவிடாதீர்கள். இரும்பு வளையாமல் கெட்டிப்பட்டு, ஓரத்தில் மறுபடி விரியும். பலத்துக்காக வெல்டின் மேல் இரும்புப் பட்டை வைத்தால் சதுரமாக வேண்டாம். இரண்டு முனையும் கூர்ந்திருக்கட்டும். குழாயின் குறுக்கே வெல்டு முடிந்தால் அடுத்த விரிசல் அங்கேதான் பிறக்கும்.

எப்படி ஆனாலும் புது புஷ் போடுங்கள். ரப்பர் புஷ் என்றால் சக்கரம் தரையில் நின்று, எடை இறங்கிய பிறகு நட்டை முறுக்குங்கள். தூக்கி நிறுத்தியபடியே முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டு, செயின் இரண்டையும் மறுபடி பாருங்கள்.

அந்தப் பால்காரருக்கு என் செலவில் புது ஆர்ம் மாட்டினேன். ஒரு பெரிய கேனுக்குப் பதில் இரண்டு பக்கமும் இருபது லிட்டர் கேன் தொங்குகிற மாதிரி ஸ்டாண்டும் அடித்துக் கொடுத்தேன். இப்போது அவர் மகன்தான் பால் எடுக்கிறார். மாதம் ஒரு தடவை பட்டறைக்கு வந்து, தானே துணி வாங்கி, இடது பிராக்கெட்டுக்குக் கீழே துடைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்.

வணக்கம்.