சின்ன கேபினட்டில் எத்தனை ஃபேன் போடுவது?

அடுத்த கேள்வி. "வீட்டில் எல்லோரும் பயன்படுத்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணலாம் என்று இருக்கிறோம். டிவி பக்கத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்பு, வீடியோ, கொஞ்சம் கேம், அவ்வளவுதான். சின்ன கேபினட் சீக்கிரம் சூடாகிவிடும் என்கிறார்களே, எத்தனை ஃபேன் போடுவது?"

ஃபேனை அப்புறம் பார்க்கலாம். முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டர் இழுக்கிற கரண்ட் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. 100 வாட் இழுத்தால் 100 வாட் சூட்டை அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து வெளியே தள்ளியாக வேண்டும். அதனால் சின்ன கேபினட்டில் நீங்கள் எடுக்கிற முக்கியமான முடிவு, கணக்கு வேலையெல்லாம் செய்கிற சிப்பான பிராசசர்தான்.

நீங்கள் சொன்ன வேலைகளுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி, 8600ஜி மாதிரி ஒரு பிராசசர் போதும். (ரேமை மட்டும் ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாகப் போடுங்கள், கேம் ஓடுவதில் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.) இவற்றை 65 வாட் என்று போட்டிருப்பார்கள். ஆனால் முழு வேலை கொடுத்தால் 5600ஜி 88 வாட் வரைக்கும் இழுக்கும். பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் வருகிற செட்டிங்ஸ் திரையில், ஈகோ மோட் என்று ஒன்று இருக்கும். அதில் 45 வாட்டைத் தேர்ந்தெடுத்தால் இந்த உச்சம் 61 வாட்டுக்கு இறங்கிவிடும். பிரவுசர், வீடியோ, பாடம் இதற்கெல்லாம் வேகம் குறைந்த மாதிரியே தெரியாது. ஒரு பைசா செலவில்லாமல் சூட்டில் கால்வாசிக்கு மேல் போய்விடுகிறது. எந்த ஃபேனும் இதைச் செய்யாது.

அடுத்தது கூலர், அதாவது பிராசசர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை எடுக்கிற ஃபேன் வைத்த உலோகத் துண்டு. எல்லாப் பாகங்களையும் பொருத்துகிற மதர்போர்டு, சின்ன கேபினட்டுக்கான மினி ஐடிஎக்ஸ் அளவு, அதாவது 17 சென்டிமீட்டர் சதுரம். கேபினட் விவரத்தில் கூலர் எவ்வளவு உயரம் வரை போகும் என்று மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள், வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். நாக்டுவா என்எச்-எல்9ஏ வெறும் 37 மி.மீ உயரம்தான், பெரும்பாலான பெட்டிகளில் உட்காரும். இடம் இருந்தால் இன்னும் உயரமானதையே போடுங்கள். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளிவிடும், சத்தம் குறையும். கூலருக்கு நேர் எதிரே இருக்கிற பக்கப் பலகையில் துளைகள் இருக்க வேண்டும். அங்கே கண்ணாடி இருந்தால், கூலர் தான் வெளியே விட்ட சூடான காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் சின்னப் பெட்டிக்குக் கண்ணாடி வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவுகிற தெர்மல் பேஸ்ட், பிராசசரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிட்டுப் பொருத்துங்கள். நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

சரி, ஃபேன். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. ஃபேனின் குறுக்குச் சட்டங்கள் தெரிகிற பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற மாதிரி ஒன்றை, தூசு வடிகட்டியோடு பொருத்துங்கள். இன்னொன்று இருந்தால் எதிர்ப் பக்கத்தில் சூட்டை வெளியேற்றட்டும். பவர் சப்ளையின் ஃபேன் வெளிக்காற்றை இழுக்கிற மாதிரி இருப்பது நல்லது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை இருக்கிறது. கேபினட்டை மூடி, அரை மணி நேரம் கேம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்கிற வெப்பநிலை காட்டும் மென்பொருளில் பிராசசர் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு அதே கேமை ஓட்டுங்கள். 10 டிகிரி இறங்கினால் பெட்டிக்குள் காற்று ஓட்டம் போதவில்லை. கழற்றியும் இறங்காமல் அதிகமாகவே நின்றால் கூலர் சரியாக உட்காரவில்லை, பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். எழுபதுகளில் இருந்தால் பயப்படாதீர்கள். 5600ஜியின் எல்லை 95 டிகிரி, அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சும்மா இருக்கும்போதே ஃபேன் ஏறி ஏறி இறங்குகிறதா? பயோஸில் ஃபேன் ஸ்டெப் அப் நேரத்தை, அதாவது சூடு ஏறியதும் ஃபேன் வேகம் கூட எடுத்துக்கொள்கிற நேரத்தை, நாலைந்து நொடி கூட்டி வையுங்கள், அந்த எரிச்சல் போய்விடும்.

டிவி பக்கத்தில் என்று சொன்னீர்கள். கதவு போட்ட அலமாரிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். இழுக்கிற காற்று 10 டிகிரி கூடினால் உள்ளேயும் கிட்டத்தட்ட அதே 10 டிகிரி கூடும். திறந்த தட்டில், காற்றுத் துளை உள்ள பக்கங்களில் ஒரு கை அகலம் இடம் விட்டு வையுங்கள். வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டி எடுங்கள். ஊதிச் சுத்தம் செய்யும்போது இறக்கை வேகமாகச் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், இல்லாவிட்டால் பேரிங் போய்விடும்.