கயிற்றில் ஒரு கை

அன்பார்ந்த நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிய மாதங்களில், திருகோணமலையின் நிலாவெளி வீதியிலிருந்து சாம்பல்தீவுக் கடற்கரைப் பக்கம் இறங்கினால் கரைவலை இழுப்பதைக் காணலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் அங்கே நின்றேன். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பியிருந்தது. இரண்டு பக்கக் கயிற்றிலும் போதிய ஆட்கள் நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு வயோதிப மாது, மடித்த பையொன்றைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துப் பிடித்தபடி கடலைப் பார்ப்பவர் போல நின்றார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அவரைக் கண்டார். "அம்மா, ஆள் காணாது, கயிற்றில ஒரு கை வையுங்கோ" என்றார்.

அந்த மாது வந்து கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்தார். அவருடைய பலத்தால் அந்த வலை ஒரு சாண்கூட நகர்ந்திராது என்பது அங்கு நின்ற எல்லோருக்கும் தெரியும். வலையின் மடி கரையேறி, சூடை மீனும் கீரி மீனும் குவிந்து, பங்கு பிரித்தபோது, "இந்தாங்கோ, இது உங்கட பங்கு" என்று அவருடைய பைக்குள் மீன் விழுந்தது. கயிறு பிடித்தவரைக் கறிக்கு மீனில்லாமல் அனுப்புவது அந்தக் கரையில் வழக்கமில்லை. அந்த வழக்கத்துக்குள் அவரையும் அழைத்துக்கொண்டதுதான் சம்மாட்டி செய்த அன்பு.

அன்றைய தினம் எனக்கு வேதாகமத்தின் ரூத் சரித்திரம் நினைவுக்கு வந்தது. ரூத் ஒரு கைம்பெண். அதற்கும் மேலாக மோவாப் தேசத்திலிருந்து வந்த அந்நியப் பெண். வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காமலும் சிந்திய கதிரைப் பொறுக்காமலும் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பெத்லகேமின் நிலக்காரராகிய போவாஸ் அந்தக் கட்டளையின் எல்லையோடு நின்றிருக்கலாம். அவரோ தம் வேலைக்காரரை நோக்கி, அவள் பொறுக்கிக்கொள்ளும்படி அறுத்து வைத்த கதிர் அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று சொல்லிவைத்தார். மாலையில் அவள் தட்டி அளந்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை இருந்தது. தம்பலகாமத்து வயற்காரர்களுக்குத் தெரியும், சிந்திய கதிரைப் பொறுக்கி ஒரே நாளில் ஒரு மரக்கால் சேர்ப்பது இலேசான காரியமல்ல. ஆனாலும் ரூத் அதைத் தன் உழைப்பாகவே வீட்டுக்குச் சுமந்து சென்றாள்.

கிறிஸ்தவ அன்பைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு கொடுக்கிறோம் என்பதையே நாம் அதிகம் பேசுகிறோம். வாங்குகிறவர் எந்த முகத்தோடு திரும்பிப் போகிறார் என்பதைக் கேட்பதில்லை. இதை நான் பிறரைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. ஆசிரியராக இருந்த காலத்தில், வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கொப்பிகள் வழங்கும் ஒரு நிகழ்வை நானே முன்னின்று ஒழுங்கு செய்தேன். பெயர் பெயராக வாசித்து, பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, புகைப்படமும் எடுத்தோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பெயர் கேட்டதும் எழும்பவில்லை. இரண்டாம் முறையும் நான் ஒலிவாங்கியில் அழைத்தேன். அவள் வந்து, கொப்பிகளை வாங்கி, தலையை நிமிர்த்தாமலே இறங்கிப் போனாள். அடுத்த வாரம் முழுவதும் அவள் பாடசாலைக்கு வரவில்லை. அந்தக் கொப்பிகளை முதல் நாள் மாலையில் அவளுடைய தாயாரின் கையில் பேசாமல் கொடுத்திருக்க எனக்கு ஐந்து நிமிடம்கூடப் போயிராது. அந்த இரண்டாவது அழைப்பு இன்றும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

கொரிந்து நகரத்துச் சபைக்கு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தை நம் திருமண வீடுகளில் அடிக்கடி வாசிக்கக் கேட்கிறோம். தனக்கு உண்டான யாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும் அன்பு இல்லாவிட்டால் பிரயோசனம் ஒன்றுமில்லை என்று அவர் அங்கே எழுதுகிறார். எல்லாவற்றையும் கொடுத்த பின்பும் அன்பு இல்லாமல் இருக்க முடியுமா என்று நான் நெடுங்காலம் யோசித்ததுண்டு. விடை அதே நிருபத்தில் இரண்டு அதிகாரங்களுக்கு முன்பே இருக்கிறது. கர்த்தருடைய பந்திக்குக் கூடிய இடத்தில் ஒருவர் வயிறார உண்ண, இன்னொருவர் பசியாக இருந்தார். அதைக் கண்டிக்கும் பவுல், இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். பசியைப் போலவே வெட்கமும் அவருக்குப் பெரிய காரியமாகப் பட்டிருக்கிறது. வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று இயேசுநாதர் சொன்னதும் கொடுப்பவரின் பெருமைக்குப் போட்ட கடிவாளம் மட்டுமல்ல, வாங்குகிறவரின் மானத்துக்குப் போட்ட வேலியும்கூட என்றே நான் கருதுகிறேன்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் எல்லோரும் வரிசையில் நின்றோம். அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையிலிருந்த பெட்டிக்கடைக்காரர், கடன் கேட்கத் தயங்கி நின்றவர்களிடம், "மாற்றின காசு இல்லை, பிறகு சேர்த்துத் தாங்கோ" என்று சொல்லிப் பாணைச் சுற்றிக் கொடுத்ததை நான் அருகில் நின்று கண்டேன். அவர் இந்து சமயத்தவர். போவாஸின் வயலை அவர் அறிந்திருக்க மாட்டார். அந்த வயலின் வேலையை அவர் அறிந்திருந்தார்.

சாம்பல்தீவுக் கரைக்குச் சில மாதங்களின் பின் மீண்டும் போனேன். அதே மாது கயிற்றின் நடுவில் நின்றார். பங்கு பிரித்து முடிந்ததும் தன் பையைத் திறந்து பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "தம்பி, இது காணாது, நான் முதல்ல இருந்தே கயிறு பிடிச்சனான்" என்றார். சம்மாட்டி ஒரு கணமும் தாமதிக்கவில்லை. "ஓமம்மா, பிழை என்ர பக்கம்தான்" என்று குனிந்து, இன்னும் ஒரு கை மீனை அள்ளி அந்தப் பைக்குள் போட்டார்.

நன்றி நேயர்களே, வணக்கம்.