மாவும் எங்களுடையது, அடுப்பும் எங்களுடையது

(பட்டிமன்றத் தலைப்பு: ஸ்பானிய நடிகை மார்கரீட்டா ஷிர்குவின் பெயர் நிலைத்தது மேடையாலா, திரையாலா? மேடை அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணித் தோழி ஒரு கேள்வியை வீசிவிட்டு, கைத்தட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஷிர்கு மேடையில் நடித்ததை இந்த அரங்கில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? 1938இல் அர்ஜென்டினாவில் எடுத்த 'ரத்தத் திருமணம்' படம் இருப்பதால்தானே இன்றைக்கு அவர் முகத்தையும் குரலையும் நாம் அறிகிறோம்?" என்றார்.

சரி, படம் இருக்கிறது. அது யாருடைய கதை? நாடகாசிரியர் லோர்காவினுடையது. அதில் ஷிர்கு ஏற்ற தாய் வேடம் எது? 1935இலேயே பார்சிலோனா மேடையில் அவர் நடித்த அதே வேடம். இயக்கிய எட்முண்டோ கிபோர்க் யார்? நாடக விமர்சகர். மாவும் எங்கள் வீட்டு மாவு, அடுப்பும் எங்கள் வீட்டு அடுப்பு. தோசை மட்டும் உங்களுடையதா, அம்மா?

அதற்கு முன்பு 1910களில் சில படங்களில் நடித்தார் என்றும் சொன்னார்கள். எல்லாம் பேசாப்படங்கள். வசனம் பேசிப் பெயர் வாங்கிய நடிகையை வாயை மட்டும் அசைக்க வைத்த படங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். சாட்சி எப்படிப் பேசும்?

ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் மோலின்ஸ் தே ரெய் என்ற ஊரில் 1888இல் பிறந்த தொழிலாளி வீட்டுப் பெண் இவர். அமெச்சூர் நாடகங்களில் தொடங்கி மத்ரித் வரை போனார். 1927இல் லோர்காவின் 'மரியானா பினேதா' நாடகத்தைப் பார்சிலோனாவில் அரங்கேற்றினார். காட்சி அமைப்பு யார் தெரியுமா? சால்வதோர் தாலி! ஒருவர் இளம் கவிஞர், இன்னொருவர் இளம் ஓவியர். அந்த இருவரையும் நம்பி மேடையைக் கொடுத்தவர் ஷிர்கு.

"மேடை ஒரு ராத்திரிச் சமாச்சாரம், விடிந்தால் காணாமல் போய்விடும்" என்றார் தோழி. 1933 ஜூனில் ஸ்பெயினின் மெரிதா நகரில், ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கில், பண்டை ரோமானிய நாடகாசிரியர் செனகாவின் 'மெதேயா' நாடகத்தை நடித்தார் ஷிர்கு. ஸ்பானிய மொழியில் ஆக்கித் தந்தவர் எழுத்தாளர் உனாமுனோ. இன்றும் கோடைதோறும் அதே கல் படிகளில் நாடக விழா நடக்கிறது. அதன் தொடக்கமாகச் சொல்லப்படுவது ஷிர்கு நடித்த அந்த இரவுதான். ஒரு ராத்திரிச் சமாச்சாரம் தொண்ணூறு வருஷம் தாண்டியும் விடியவில்லை!

1934 டிசம்பர் 29, மத்ரித். பிள்ளைப்பேறு இல்லாத ஒரு பெண்ணின் தவிப்பைச் சொல்லும் லோர்காவின் 'யெர்மா' அரங்கேறுகிறது. முன்னாள் பிரதமர் அசான்யாவின் தோழி என்பதால் ஷிர்குவின் மேல் வலதுசாரிகளுக்குக் கடுப்பு. திரை விலகியதும் கூச்சல் போட்டார்கள். பார்க்க வந்த ஜனங்களே அவர்களை அடக்கினார்கள். நாடகம் பெரும் வெற்றி பெற்றது. சினிமாத் திரையைப் பார்த்து நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அதற்கு உறைக்காது. மேடையில் நிற்பவளுக்கு உறைக்கும், உறைத்த பிறகும் அடுத்த வசனத்தை அவள் பேச வேண்டும். அந்த இரவைக் கேமரா பிடித்து வைக்கவில்லை. நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேமரா பிடிக்காமலே அந்த இரவை இன்றைக்கு நான் இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேனே, நடுவர் அவர்களே!

1936 தொடக்கத்தில் குழுவோடு லத்தீன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பின்னால் வந்து சேர்வதாக இருந்த லோர்காவை ஆகஸ்டில், உள்நாட்டுப் போரின்போது, ஸ்பெயினின் கிரனாதா அருகே சுட்டுக் கொன்றார்கள். ஷிர்கு அதற்குப் பிறகு ஸ்பெயின் மண்ணை மிதிக்கவே இல்லை. சாவதற்கு இரண்டு மாதம் முன்புதான் லோர்கா 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு' நாடகத்தை எழுதி முடித்திருந்தார். ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் அதைப் போட வழியில்லை. 1945 மார்ச் 8ஆம் தேதி அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் அவெனிதா அரங்கில் ஷிர்கு அதை முதன்முதலாக மேடையேற்றி, பெர்னார்தாவாகவும் நடித்தார். ஒன்பது வருஷம் காத்துக்கிடந்த நாடகம் அது. அதற்குக் குரல் கொடுத்தது உங்கள் ஸ்டூடியோவா, எங்கள் மேடையா?

அப்புறம் உருகுவே. மான்டெவீடியோவில் 1949இல் தொடங்கிய நகராட்சி நாடகப் பள்ளியை அவர் நடத்தினார். இன்றும் அந்தப் பள்ளிக்கு அவர் பெயர்தான். 1969இல் அதே ஊரில் காலமானார். 1988இல் அவருடைய உடல் எச்சங்களைப் பிறந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

மணி அடிக்க எழுந்துவிட்டீர்கள், ஒரே ஒரு விஷயம். சீனா சோரில்லா என்ற உருகுவே நடிகை, 2005இல் வந்த 'எல்சாவும் பிரெட்டும்' படத்தில், எண்பது வயதைத் தாண்டிய பிறகு கதாநாயகி. தோழி கட்டாயம் பார்க்க வேண்டும், அருமையான படம். அந்தச் சோரில்லாவை மான்டெவீடியோ நாடக மேடையில் இளம் வயதில் இயக்கியவர் மார்கரீட்டா ஷிர்கு. இனி நீங்கள் மணியை அடிக்கலாம்.