துரைக்குத் தெரிந்தால் விடமாட்டார்: மன்னனுக்கு எதிராக மக்கள் எப்போது எழுகிறார்கள்?

[காட்சி: விடியற்காலை, கண்டி வாவி. பனி இன்னும் விலகவில்லை. கரையோரமாகப் பிள்ளைகள் சிலர் பாடசாலைக்குப் போகிறார்கள்.]

வணக்கம் பிள்ளைகளே. இந்த வாவியைத் தெரியாதவர்கள் உங்களில் இருக்க மாட்டீர்கள். ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ கண்டிக்கு வந்தால், தலதா மாளிகைக்கு முன்னால் ஒரு படம் எடுத்து, மீனுக்குப் பொரி போட்டுவிட்டுத்தான் திரும்பவும் பஸ் ஏறுவோம். இருநூறு வருடங்களுக்கும் மேலே பின்னால் போனால் இது வயல். வயலுக்குக் குறுக்கே அணை கட்டி இதை வாவியாக்கியவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். ஊருக்கு அழகுதான். மண் சுமந்தவர்களுக்கு அது அழகாகத் தெரிந்திருக்குமா என்பது வேறு கதை. அந்தக் கதைக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

[திரையில்: ஒரு பிள்ளையின் வரலாற்றுக் கொப்பி. சிவப்புப் பேனையால் சரி அடையாளம்.]

முதலில் உங்கள் கொப்பி. மன்னராட்சிக்கு எதிராக மக்கள் ஏன் எழுந்தார்கள் என்று கேட்டால், கொடுங்கோன்மை, வரிச்சுமை, பஞ்சம் என்று மூன்று சொல் எழுதுவீர்கள். புள்ளி கிடைக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்றும் போதுமென்றால், உலகத்தில் எந்த மன்னனும் பத்து வருடம் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்க முடியாது.

பிரான்ஸையே பாருங்கள். 1693, 1694இல் அங்கே பெரும் பஞ்சம். பத்து இலட்சத்துக்கு மேல் ஆட்கள் செத்தார்கள். 1709இல் ஆறெல்லாம் உறைந்துபோன குளிர், திரும்பவும் பஞ்சம். அப்போது அரசர் பதினான்காம் லூயி. போருக்கு மேல் போர், வரிக்கு மேல் வரி. அங்கங்கே கலகம் நடந்தது, அடக்கப்பட்டது. 1715இல் அவர் முதுமையில், தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார். அவர் வழியில் வந்த பதினாறாம் லூயி அவரைவிட எவ்வளவோ மென்மையான மனிதர். தலை போனது இவருக்குத்தான்.

அப்படியானால் பசிக்கு மேலே இன்னும் ஏதோ ஒன்று சேர வேண்டும். அது என்ன என்பதை எனக்குச் சொல்லித் தந்தது புத்தகம் இல்லை, என் அம்மாயி.

[காட்சி: கொழுந்து மடுவம். தொங்கும் தராசு. கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள்.]

அம்மாயி நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். எந்தத் தோட்டம் என்பது இங்கே தேவையில்லை. நிறுவையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழிப்பார்களாம். அநியாயம்தான். முணுமுணுப்பார்கள், ஆனால் கூடையை யாரும் இறக்கி வைத்ததில்லை. ஏன் அம்மாயி என்று கேட்டேன். "அது வழமை சாமி" என்றார். பிறகு ஒருநாள், காரணம் சொல்லாமல் மூன்று கிலோ கழித்தார்கள். அந்த ஒரு கிலோவில் எட்டுப் பேருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. அன்றைக்கு மலையே இறங்கி வந்தது.

பாருங்கள், இரண்டு கிலோ போனபோது இல்லாத கோபம் மூன்றாவது கிலோவுக்கு வந்தது. ஏனென்றால் முதல் இரண்டும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட கணக்கு. பிடிக்காத கணக்கு, ஆனாலும் கணக்கு. மூன்றாவது கிலோ அந்தக் கணக்கையே கிழித்துப் போட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியம். முதலில் எல்லோரும் கணக்கப்பிள்ளையைத்தான் ஏசினார்களாம். "தொரைக்கு இது தெரியாது, தெரிஞ்சா விடமாட்டாரு" என்று சொல்லிக்கொண்டு தோட்டத்தை நடத்திய துரையின் பங்களாவுக்குப் போனார்கள். துரை வெளியே வந்து, உத்தரவு தன்னுடையதுதான் என்றார். "அன்னைக்குத்தான் தராசு யாரு கையில இருக்குதுன்னு வெளங்குச்சு" என்பார் அம்மாயி.

[திரையில்: பிரான்ஸ் வரைபடம். பரிஸ், வேர்சாய், வரென்.]

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பிரான்ஸுக்குப் போவோம்.

1788 யூலை 13இல் பெரிய ஆலங்கட்டி மழை, விளைந்த கோதுமை நிலத்தோடு நிலமாகப் போனது. அடுத்து வந்த குளிரும் கொடியது. 1789இல் பரிஸில் நான்கு இறாத்தல் பாண் பதினாலரை சூ (சூ என்பது அந்தக் காலப் பிரெஞ்சுக் காசு) விலைக்கு ஏறியது. முன்பு எட்டு ஒன்பது சூதான். ஒரு கூலித் தொழிலாளியின் நாட்சம்பளம் இருபதிலிருந்து முப்பது சூ. ஒரு வீட்டுக்கு ஒருநாள் பாண் வாங்கினாலே பாதிச் சம்பளம், சில வீட்டில் அதற்கு மேலும். அரசாங்கமோ கடனில் மூழ்கியிருந்தது. அமெரிக்கர்களின் விடுதலைப் போருக்குக் கொடுத்த பணமும் அதில் சேர்த்தி. செலவில் பாதி வட்டிக்கே போனது. இத்தனைக்கும் பிரபுக்களும் தேவாலயமும் முக்கியமான வரிகளிலிருந்து தப்பி நின்றார்கள்.

ஆனால் அந்த நாட்டு வழமைப்படி மன்னனுக்கு ஒரு கடமை இருந்தது. சந்தையில் தானியம் கிடைக்க வேண்டும், பாண் எட்டாத விலைக்குப் போகக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது மன்னன் வேலை. 1789 ஒக்டோபர் 5இல் பரிஸ் பெண்கள் மழையில் நடந்து அரண்மனை இருந்த வேர்சாய்க்குப் போனார்கள். மறுநாள் அரச குடும்பத்தைத் தங்களோடு நகரத்துக்குக் கூட்டி வந்தார்கள். வரும் வழியில் அவர்கள் அரசருக்கும் அரசிக்கும் இளவரசருக்கும் வைத்த பெயர் என்ன தெரியுமா? "பாண்காரர், பாண்காரர் மனைவி, பாண்காரப் பையன்." கேலிதான், ஆனால் கேலிக்குள்ளே கணக்கு இருக்கிறது. உன் வேலை இது, வந்து செய் என்கிறார்கள். போ என்று இன்னும் சொல்லவில்லை.

ஆமாம், பரிஸின் பஸ்தீல் சிறைக்கோட்டை யூலை 14இலேயே மக்கள் கையில் விழுந்துவிட்டது. அப்போதும் பெரும்பாலான மக்களுக்கு அரசரைத் துரத்தும் எண்ணம் இல்லை. அந்த வருடத் தொடக்கத்தில் ஊர் ஊராகக் குறைகளை எழுதி அனுப்பினார்களே, அவற்றில் அரசர்மீது இருந்தது நம்பிக்கை. "அரசருக்கு மட்டும் இது தெரிந்திருந்தால்!" என்பது அங்கே ஊர் வழக்காகவே இருந்தது. அம்மாயியின் துரை ஞாபகம் வருகிறாரா?

அந்த நம்பிக்கை முறிந்தது 1791 யூன் மாதம். அரசர் மாறுவேடத்தில் குடும்பத்தோடு இரவோடு இரவாக ஓடினார். வரென் என்ற சிற்றூரில் பிடிபட்டார். ஓடும்போது, தான் இதுவரை ஒத்துக்கொண்டதெல்லாம் மனமில்லாமல் ஒத்துக்கொண்டதுதான் என்று கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். உத்தரவு என்னுடையதுதான் என்று துரை வாசலில் வந்து நின்ற மாதிரி. 1792 செப்டெம்பரில் முடியாட்சி ஒழிந்தது. 1793 சனவரி 21இல் அரசரின் தலை விழுந்தது.

[திரையில்: பனி படர்ந்த சதுக்கம். ஊர்வலத்தின் ஓவியம்.]

ரஷ்யாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கதை ஒன்றுதான். 1905 சனவரியில் ஓர் ஞாயிற்றுக்கிழமை, தலைநகரத் தொழிலாளர்கள் சார் மன்னனின் படத்தையும் சாமிப் படங்களையும் தூக்கிக்கொண்டு மனுக் கொடுக்கப் போனார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். மன்னன் அரண்மனையில் இல்லை. படைதான் இருந்தது, அது சுட்டது. நூறுக்கு மேல் ஆட்கள் விழுந்தார்கள். படத்தைச் சுமந்து போன கைக்கு அதன்பிறகு அந்தப் படம் எதற்கு? பன்னிரண்டு வருடம் கழித்து, பாண் வரிசையில் நின்ற பெண்கள் தொடங்கி வைத்த போராட்டத்தில் சிம்மாசனம் காலியானது.

[காட்சி: கண்டி அரச மாளிகை வளவு. மகுல் மடுவத்தின் செதுக்கு மரத்தூண்கள்.]

இப்போது நம் மலைக்கு வருவோம். இங்கேதான் கொப்பியில் உள்ள மூன்று சொல்லும் காலை வாரும்.

1798இல் கண்ணுசாமி என்ற பதினெட்டு வயது இளைஞனை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணையில் ஏற்றியவர் முதல் அதிகாரியான பிலிமதலாவ. மதுரை நாயக்கர் உறவுக்காரப் பையன், ஊரில் வேர் இல்லை, சொன்னபடி ஆடுவான் என்பது கணக்கு. பொம்மை தானாக நடக்கத் தொடங்கியது. கடைசியில் பிலிமதலாவவுக்கே மரணதண்டனை. அவர் இடத்துக்கு வந்த எஹலேபொல 1814இல் சப்ரகமுவவில் கிளர்ந்து, தோற்று, கொழும்பிலிருந்த ஆங்கிலேயரிடம் ஓடினார். மன்னன் அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றார். அது பிரதானிகளை மட்டுமில்லை, சாதாரண வீடுகளையும் உலுக்கியது.

சாதாரண வீடுகள் என்றேன். அவர்களுடைய கணக்கு இராஜகாரியம். நிலம் மன்னனுடையது, உழுது சாப்பிடு, பதிலுக்கு உன் முறை வரும்போது வந்து வேலை செய். யார் எந்த வேலை, எத்தனை நாள் என்பது வழமையில் இருந்தது. மன்னன் நகரத்தை அழகாக்க எண்ணி, வாவிக்கும் மாளிகைக்கும் ஆட்களை இழுத்தபோது அந்த அளவு மீறியது. அந்தத் தண்ணீரில் மூன்றாவது கிலோ கிடக்கிறது என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

சரி, 1815இல் மக்கள் எழுந்தார்களா? இல்லை! 1803இல் ஆங்கிலேயப் படை இதே கண்டிக்குள் வந்தது. அங்கே காவலுக்கு விட்டுப்போன படையில் உயிரோடு தப்பியவர்கள் மிகச் சிலர். நோயும் கண்டிப் படையும் சேர்ந்து அழித்தன. 1815 பெப்ரவரி 14இல் அதே படை வந்தபோது கணவாயில் ஆள் இல்லை. பிரதானிகள் முன்பே பேசி முடித்திருந்தார்கள், ஊராரும் வில்லைத் தூக்கவில்லை. நான்கு நாளில் தும்பறைப் பக்கம் ஒளிந்திருந்த மன்னனை உள்ளூர் ஆட்களே பிடித்துக் கொடுத்தார்கள். மார்ச் 2இல் இந்தத் தூண்களுக்கு நடுவே ஒப்பந்தம். மன்னனின் கொடுமைகளை அந்த ஒப்பந்தமே பட்டியல் போடுகிறது. எழுதியவர்கள் நாட்டை எடுத்துக்கொண்டவர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், அப்ப நம்ம ராசாவையா வெள்ளக்காரன் புடிச்சிட்டுப் போனான்?" நம்ம ராசா என்றால்? அவர் தமிழ் தெரிந்த மன்னர். நம் முன்னோர்கள் கோப்பிக் காட்டுக்கு வந்ததோ அவர் போன பிறகு, 1820களில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள், அதாவது தென்னிந்தியர்கள், அனுமதி இல்லாமல் கண்டி நாட்டுக்குத் திரும்பக் கூடாது என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகம். சில பத்தாண்டுகளுக்குள் அதே ஆங்கிலேயர்கள் மண்வெட்டி பிடிக்கத் தென்னிந்தியர்களைக் கூட்டம் கூட்டமாக மலையேற்றினார்கள்.

[திரையில்: ஊவா, வெல்லஸ்ஸ வரைபடம். பிறகு போகம்பறை.]

மன்னனை அனுப்பியாகிவிட்டது. மக்களுக்கு நிம்மதியா? மூன்று வருடம்கூட ஆகவில்லை, 1817இல் ஊவா வெல்லஸ்ஸவில் நெருப்புப் பிடித்தது. இந்த முறை உண்மையாகவே ஊரார் எழுந்தார்கள். பிரதானிகளுக்கு மரியாதை போனது, ஆங்கிலேயர் பழைய முறைகளில் கை வைத்தார்கள், விழுந்து கும்பிட்டு முறையிட ஒரு மன்னன் கண்ணெதிரே இல்லை. மன்னன் எங்கோ கடலுக்கு அப்பால்! அந்த நேரம் ஒருவர் வந்து, "நான் துரைசாமி, நாயக்கர் அரச குடும்பத்து ஆள்" என்றார். உண்மையில் அவர் வில்பாவ என்ற முன்னாள் பிக்கு. ஊர் அவரை மன்னனாக ஏற்றுக்கொண்டது. எந்தக் குடும்பத்தை விரட்டியதாகச் சொன்னார்களோ, அதே குடும்பத்தின் பெயருக்குப் பின்னால்தான் இத்தனை ஆயிரம் பேர் நின்றார்கள். அடக்குவதற்கு ஆங்கிலேயர் அனுப்பிய மாகாணத் தலைவர் கெப்பெட்டிபொல திசாவையே இவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

ஆங்கிலேயர் வயலை எரித்தார்கள், மாட்டைக் கொன்றார்கள், வீட்டை இடித்தார்கள். 1818 நவம்பர் 26இல் போகம்பறையில் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டது. மண்டையோடு ஸ்கொட்லாந்து வரை போய், 1954இல்தான் திரும்பி வந்தது. மன்னனாகலாம் என்று கனவு கண்ட எஹலேபொலவையும் ஆங்கிலேயர் விட்டுவைக்கவில்லை. அவர் மொரீசியஸில் 1829இல் செத்தார். விரட்டப்பட்ட மன்னர் வேலூரில் 1832இல் செத்தார். இரண்டு பேருக்கும் கடைசி மூச்சு கண்டிக்கு வெளியே.

1848 மாத்தளைக் கிளர்ச்சியும் இப்படித்தான். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, பணம் இல்லாவிட்டால் தெருவேலை. இராஜகாரியத்தை ஒழித்தோம் என்று 1830களில் சொன்னவர்களே ஆறு நாள் தெருவேலை கேட்டால் எப்படி இருக்கும்? எழுந்தவர்கள் முதலில் செய்த காரியம், தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டியது.

ஆகவே கேள்வித்தாளில் "மன்னராட்சிக்கு எதிராக" என்று வந்தால் பேனையை எடுக்க முன் நிதானியுங்கள். கண்டியில் எதிர்த்தது ஒரு மன்னனை, முடியை இல்லை. பிரான்ஸில்கூட வரென்வரைக்கும் அப்படித்தான்.

[காட்சி: லயத்து வாசல். ஒரு பாட்டி வெயிலில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறார்.]

வீட்டுவேலை ஒன்று தருகிறேன். உங்கள் அம்மாயியையோ அப்பாயியையோ கேளுங்கள்: நிறுவையில் குறைந்த அன்றைக்கு முதலில் யாரை ஏசினீர்கள்? எப்போது, எதைப் பார்த்து அந்தப் பெயரை மாற்றினீர்கள்? பதிலை அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். திங்கட்கிழமை கொப்பியோடு வாருங்கள்.